எக்கோவில் 35 என்று வந்தால்…

எக்கோ பரிசோதனை முடிந்து அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான். ஈ.எஃப். என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 35 சதவீதம் என்று போட்டிருக்கும். பத்தாம் வகுப்பில் 35 வாங்கினால் பாஸ். இங்கே அதே எண்ணைப் பார்த்ததும் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. “ஹார்ட் 35 பங்குதான் வேலை செய்யுதாம், மிச்சம் 65 பங்கு போயிடுச்சாம்” என்று வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போகும். அதுவரை கடைக்குப் போய்வந்துகொண்டிருந்த மனிதரைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள்.

அந்த எண்ணுக்கு அப்படிப் பொருள் கிடையாது. ஓர் ஆரோக்கியமான இதயத்தின் இடது கீழறையில் துடிப்பதற்கு முன்னால் ஏறக்குறைய 120 மி.லி. ரத்தம் நிறைந்திருக்கும். ஒரு துடிப்பில் அதிலிருந்து வெளியேறுவது சுமார் 70 மி.லி. மீதி 50 மி.லி. உள்ளேயே தங்கிவிடும். நிறைந்ததில் எத்தனை சதவீதம் வெளியேறியது என்பதுதான் ஈ.எஃப். இந்தக் கணக்கில் அது 58. நூற்றுக்கு நூறு வெளியேற்றும் இதயம் உலகத்தில் யாருக்கும் இல்லை. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. ஆகவே 35ஐ நூறோடு ஒப்பிடாதீர்கள், அறுபதோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பலவீனமான இதயம் காலப்போக்கில் பெரிதாகிவிடும். அதன் இடது கீழறையில் 200 மி.லி. ரத்தம் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈ.எஃப். 35 என்றால் வெளியேறுவது எவ்வளவு? அதே 70 மி.லி. உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாமல் போவது இதனால்தான். சிக்கல் படியேறும்போது வரும். ஆரோக்கியமான இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைப்பதை, ஓடினால் நான்கு மடங்காகக்கூட உயர்த்திக்கொள்ளும். பெரிதாகிப் போன இதயத்துக்கு அந்தக் கையிருப்பு இல்லை.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. பல வருடம் பி.பி., சுகர் இருந்த வயதான பெண்களிடம் அதிகம் பார்க்கலாம். இதயச் சுவர் தடித்து விறைத்துப்போயிருக்கும். உள்ளே 80 மி.லி.தான் பிடிக்கும். அதில் 48 மி.லி. வெளியேறினால் ஈ.எஃப். 60. அறிக்கையில் ‘நார்மல்’ என்று எழுதியிருக்கும், அந்த அம்மாவோ பாத்ரூம் போய்வருவதற்குள் மூச்சு வாங்குவார். “ஹார்ட் நல்லாத்தான் இருக்கு, வயசாச்சு இல்ல” என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. ஈரிதழ் வால்வில் கசிவு இருந்தாலும் எண் ஏமாற்றும். ஒரு பங்கு ரத்தம் பின்பக்கமாக மேலறைக்கே போய்விடும், எக்கோ அதையும் வெளியேறியதாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இதயம் என்ற பம்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், கொடுத்திருக்கும் மாத்திரையும் சொல்லியிருக்கும் பத்தியமும் எதற்கென்று தானாக விளங்கும். பள்ளியில் நான்கு அறைகள் என்று படித்திருப்போம். வேலையை வைத்துப் பார்த்தால் அவை இரண்டு பம்புகள். வலது பம்பு, உடம்பைச் சுற்றிவந்த ரத்தத்தை வாங்கிப் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அதற்கு பி.பி. கணக்கில் 25 அழுத்தம் போதும். இடது பம்பு, நுரையீரலிலிருந்து வருவதை வாங்கி உச்சந்தலைக்கும் கால் கட்டைவிரலுக்கும் அனுப்ப வேண்டும். அதற்கு 120 தேவை. அதனால்தான் இடது கீழறையின் சுவர் வலதைவிட மூன்று மடங்கு தடிமன். அந்தத் தசையிழைகள் நேராக இல்லாமல் சுருள்சுருளாக ஓடுவதால், இதயம் சுருங்கும்போது முறுக்கிப் பிழிகிறது. இந்த அழுத்தத்தில் ரத்தம் பின்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்பவை வால்வுகள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் லப்-டப் அவை மூடிக்கொள்ளும் சத்தம்.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் கீழறை சுருங்குவது 0.3 நொடி, தளர்ந்து நிறைவது 0.5 நொடி. வேலையைவிட ஓய்வு அதிகம். இதயத் தசைக்கே ரத்தம் தரும் கரோனரி தமனிகளில், முக்கியமாக இடது பக்கத்துக்கு, ரத்தம் பெரும்பாலும் பாய்வது அந்த ஓய்வு நேரத்தில்தான். துடிப்பு வேகமானால் சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, ஓய்வு நேரம்தான் சுருங்கிப்போகும். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்விடிலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கின்றன. “ஏற்கெனவே பலவீனமான ஹார்ட்டை இன்னும் மெதுவாக்கவா?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ரத்தம் நிறைவதற்கும், தன் பங்கு ரத்தத்தைச் சாப்பிடுவதற்கும் இதயத்துக்கு நேரம் கிடைக்கிறது.

இரண்டு பம்புகளும் அடுத்தடுத்து இணைந்தவை என்பதை மறக்கக் கூடாது. வலது பம்பு ஒவ்வொரு துடிப்பிலும் இடதைவிட ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. கூடுதலாக அனுப்பினால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 350 மி.லி. ரத்தம் நுரையீரலில் தேங்கும். சில நிமிடங்களில் ஆள் மூழ்கிவிடுவார். அப்படி நடக்காததற்குக் காரணம், அதிக ரத்தம் வந்து நிறைந்தால் இதயத் தசை சற்று இழுபட்டு, இழுபட்ட அளவுக்குப் பலமாகச் சுருங்கும். ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க், இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவர் பெயராலும் இந்த விதி வழங்குகிறது. வரவுக்குத் தக்க செலவு. உடம்பில் போவதும் வருவதும் ஒரே ரத்தம்தான் என்பதை 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி எழுதினார். அதுவரை கல்லீரல் புதிது புதிதாக ரத்தம் தயாரிக்கிறது, உறுப்புகள் அதைத் தின்று தீர்க்கின்றன என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். அரை மணி நேரத்தில் இதயம் வெளியேற்றுவதைக் கூட்டிப் பார்த்தால் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தையும் தாண்டிவிடுகிறதே என்று ஹார்வி எளிய பெருக்கல் போட்டுக் காட்டினார்.

பலவீனமான இதயத்தில் இந்த வரவு-செலவு இடிக்கிறது. இடது பம்பு தடுமாறினால் ரத்தம் நுரையீரலில் பின்தங்கி மூச்சு வாங்கும். வலது பம்பு தடுமாறினால் கால், வயிறு, கல்லீரல் வீங்கும். இரண்டும் சேர்ந்து வருவதுதான் வழக்கம். படுத்தால் மூச்சு முட்டுவது இதில் முக்கியமான அடையாளம். பகலெல்லாம் காலில் இறங்கியிருந்த நீர், படுத்ததும் ரத்தத்தில் சேர்ந்து இதயத்துக்கு வரும். அதை வாங்கித் தள்ள இடது பம்பால் முடியாது. ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், கடைசியில் சாய்வு நாற்காலியில் தூங்குவார். அல்லது படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் திணறி எழுந்து ஜன்னலோரம் போய் உட்காருவார். இதை ‘வாயு’ என்றும் ‘வீசிங்’ என்றும் வீட்டிலேயே பெயர் வைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

கால் வீங்கினாலே இதயம் என்றும் இல்லை. பி.பி.க்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை, நரம்புச் சுருட்டல், சிறுநீரகம், கல்லீரல், யானைக்கால், நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்காரும் வேலை, எல்லாமே காலை வீங்கவைக்கும். கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கலும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர், சிறுநீரகங்களுக்குப் போகிறது. பம்பு தளர்ந்து அந்த வரத்து குறைந்ததும் சிறுநீரகம் தவறாகப் புரிந்துகொள்கிறது. உடம்பிலிருந்து ரத்தம் வழிந்துபோகிறது, அல்லது தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்து உப்பையும் நீரையும் பிடித்துவைக்கத் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களும் இறுகிக்கொள்கின்றன. வெட்டுப்பட்டுக் கிடப்பவனுக்கு உயிர் காக்கும் ஏற்பாடு இது. தளர்ந்த இதயத்துக்கோ, தள்ள வேண்டிய நீரும் கூடுகிறது, எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தமும் கூடுகிறது. இதயத்தின் பலவீனத்தைவிட, உடம்பு அதற்குச் செய்யும் இந்தக் கைவைத்தியம்தான் ஆளை அதிகம் படுத்துகிறது. இன்றைய சிகிச்சை பெரும்பாலும் இந்தத் தப்பான உதவியைத் தடுப்பதுதான்.

எனாலாப்ரில், ராமிப்ரில், சாக்குபிட்ரில்-வால்சார்டான் வகை மாத்திரைகள் குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. ஸ்பைரனோலாக்டோன் உப்பைப் பிடித்துவைக்கும் சமிக்ஞையை மறிக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சுகர் மாத்திரைகளாக வந்தவை. இப்போது சுகர் இல்லாத இதய நோயாளிகளுக்கும் தருகிறோம். “எனக்குச் சுகரே இல்லையே, டாக்டர் மாத்தி எழுதிட்டாரு” என்று ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். ஃபுரோஸ்மைடு, டார்செமைடு என்ற நீர் மாத்திரைகள் தேங்கிய நீரை இறக்குகின்றன. வெளியே கிளம்புவதற்கு முன்னால் போட்டுக்கொள்ள முடியாது என்பது உண்மையான கஷ்டம். பஸ் பயணம் இருக்கும் நாளில் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டால், பெரும்பாலும் நேரத்தை மாற்றித் தருவார். கேட்காமல் விட்டுவிடுவதுதான் தவறு.

இந்த மாத்திரைகளை எடுப்பவருக்கு பி.பி. 100/60 என்று இருக்கலாம். தலைசுற்றல் இல்லை, எழுந்து நின்றால் கண் இருட்டவில்லை என்றால் அந்த அளவு பரவாயில்லை. தளர்ந்த பம்புக்குச் சுமை குறைகிறது. வீட்டில் என்ன நடக்கிறது? தெருமுனையில் பி.பி. பார்த்து “லோ பி.பி.” என்று சொன்னதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, உப்புத் தூக்கலாகப் போட்ட எலுமிச்சை ஜூஸை ஒரு டம்ளர் கொடுத்துவிடுகிறார்கள். செய்யக் கூடாத இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாகிவிட்டது.

உடம்பு தேறிய பிறகு மாத்திரையை நிறுத்துவதும் இதே மாதிரித் தவறுதான். லண்டனில் இதைப் பரிசோதித்துப் பார்த்து 2018 இறுதியில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். இதயம் வீங்கித் தளர்ந்து, பிறகு மாத்திரையால் எக்கோ நார்மலுக்குத் திரும்பியவர்களை எடுத்துக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாக மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதில் எடை பார்ப்பதை முதலில் வைப்பேன். ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்குங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால், தினமும் ஒரே மாதிரி உடையில் ஏறி நின்று எண்ணை எழுதுங்கள். நாள்காட்டித் தாளில் எழுதாதீர்கள், மறுநாள் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். மாதக் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் வந்த சதையில்லை, நீர். மூச்சு வாங்கத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். அன்றே மருத்துவரைக் கூப்பிட்டால் நீர் மாத்திரையின் அளவை மாற்றுவதோடு முடிந்துபோகும் விஷயம், ஒரு வாரம் தாமதித்தால் ஐ.சி.யு. வரை போகும்.

உப்பு அடுத்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சமையலறையில் யாரும் கிராம் கணக்கில் உப்புப் போடுவதில்லை. ஆகவே பாக்கெட்டை வைத்துக் கணக்குப் பாருங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், மிக்சர், ஓட்டல் சாம்பார் இவற்றிலெல்லாம் உப்பு தனியாக வந்துகொண்டிருப்பதால் பாக்கெட் அதற்கும் மேலே நீடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் 25 நாளில் தீர்ந்துவிடுகிறதா? பதில் அதிலேயே இருக்கிறது. நோயாளிக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாமல் சமைத்தால் பத்து நாளில் அவரும் அலுத்துப்போவார், சமைப்பவரும் அலுத்துப்போவார். வீட்டுக்கே குறையுங்கள். இட்லி மாவில் பாதி போதும். ஊறுகாயை மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். மிளகு, சீரகம், எலுமிச்சை, கொத்தமல்லி நாக்கைச் சமாதானப்படுத்தும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

“இந்துப்பு போட்டுக்கலாமா?” என்று கேட்காதவர்கள் குறைவு. அதுவும் சோடியம் குளோரைடுதான், பெயர் மாறியதால் இதயத்துக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். அதை வாங்காதீர்கள். தினமும் இளநீர் குடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் அதே பொட்டாசியம்தான்.

தண்ணீருக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. சிலருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் என்று வரம்பு போடுவோம். உங்களுக்கு வரம்பு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்டு என்றால் காபி, மோர், கஞ்சி, ரசம் எல்லாம் அதில் அடக்கம். வாந்தி, பேதி வந்தால் கதை தலைகீழ். நீர் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் உடம்பு வற்றிச் சிறுநீரகம் அடிபடும். சில மாத்திரைகளை ஓரிரு நாள் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அன்றே போன் செய்யுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் உப்பைத் தேக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். பத்தியமெல்லாம் ஒழுங்காக இருந்தும் திடீரென நீர் கோத்துக்கொண்டு வருபவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, “முட்டிக்கு ஏதாவது போட்டீங்களா?” என்பதுதான். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா, தைலம் போதுமா என்று கேளுங்கள். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும், நெஞ்சு கரிப்புக்குக் குடிக்கும் நுரை உப்பிலும் சோடியம் நிறைய உண்டு.

நடக்கலாமா? நீர் வடிந்து, நிலைமை கட்டுக்குள் வந்தவர் நடக்கத்தான் வேண்டும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் சிரைகளை அமுக்கி ரத்தத்தை மேலே அனுப்புகிறது. கட்டிலிலேயே கிடந்தால் அதுவும் நின்று, இருக்கிற தசையும் கரையும். சமதரையில் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். பேச்சு துண்டுபட்டால் வேகத்தைக் குறையுங்கள். சாப்பிட்ட உடனேயும் உச்சி வெயிலிலும் வேண்டாம். மது பற்றி ஒரே வரி: அதனால் தளர்ந்த இதயம், அதை முழுக்க விட்டால் கணிசமாகத் தேற வாய்ப்புண்டு.

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலும் பிரசவமாகி ஐந்து மாதம் வரையிலும் சில பெண்களுக்கு இதயம் திடீரெனத் தளர்வதுண்டு. பிள்ளை பெற்ற உடம்பு, அசதி, கால் வீக்கம் சகஜம் என்று மாமியார், அம்மா இருவருமே சொல்லிவிடுவார்கள். மல்லாந்து படுக்க முடியவில்லை, இரவில் மூச்சு முட்டி எழுகிறாள் என்றால் சகஜமில்லை. அடுத்த நாளே ஓர் எக்கோ எடுத்துவிடுங்கள். நேரத்தில் பிடித்தால் பலருக்கு இதயம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் அடுத்த குழந்தைக்கு முன்னால் இதய மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருவது, நெஞ்சை அழுத்தும் வலி, குளிர்ந்த வியர்வை, மயங்கி விழுவது, இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். திணறுபவரைப் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம். டூவீலரில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதும் வேண்டாம்.

மறு எக்கோ எப்போது? மாதாமாதம் எடுப்பதில் பயனில்லை. மாத்திரைகள் முழு அளவுக்கு ஏறிச் சுமார் மூன்று மாதம் ஆன பிறகு எடுப்பதே சரி. அதற்குப் பிறகும் 35ஐத் தாண்டவில்லை என்றால், துடிப்பு தறிகெட்டால் ஷாக் கொடுத்துக் காப்பாற்றும் ஐ.சி.டி. கருவி வைக்கலாமா என்ற பேச்சு வரும். முடிந்தவரை அதே இடத்தில், அதே மருத்துவரிடம் எடுங்கள். எக்கோவில் அளப்பவர் மாறினாலே ஐந்து புள்ளி முன்னே பின்னே வரும். 35 என்பது 38 ஆனதற்கு இனிப்பு வாங்கவும் வேண்டாம், 32 ஆனதற்கு அழவும் வேண்டாம். பழைய அறிக்கை, காலண்டரில் எழுதிய எடை, மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப்போங்கள். மாடிப்படி எத்தனை ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.